நல்ல மூணு

கல்யாணமான ஆணைப் பார்த்து அவன் அக்கா "இளைச்சுட்டியேடா" என்று சொன்னால், அது அவனைப் பற்றிய விசாரிப்பு என்று நினைப்பவர்கள் நம் வீடுகளில் வளராதவர்கள். அது அவன் பெண்டாட்டி மேல் போடுகிற கேஸ். சோறு ஒழுங்காகப் போடுவதில்லை, வேலை வேலை என்று ஊர் சுற்றுகிறாள், என் தம்பியைக் கவனிக்க ஆளில்லை, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சொன்னவளோடு சண்டைக்கும் போக முடியாது. அன்பாகத்தானே கேட்டாள்?

மலர்விழி இந்தச் சொல்லைக் கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து கேட்டு வந்தாள். சொன்னவள் நாத்தனார் குமுதா. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கடை நிறைந்திருக்கும்போதும் எந்த மேசையில் ரசம் தீர்ந்தது, யார் இலையில் பொரியல் மிஞ்சியது என்று அடுப்பங்கரையில் நின்றபடியே சொல்லிவிடுவாள். அப்படி ஒரு கண். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பி குகனைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அந்த உரிமையை அவள் என்றைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், யார் இளைத்திருக்கிறார்கள், யார் தேறியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதுதான் மலர்விழிக்கு வேலையே. மனிதர்களை அல்ல, காட்டு விலங்குகளை.

செந்தூலில் ரயில்வே பட்டறைக்காரர் ஒருவரின் மகள் அவள். படிப்பு முடிந்ததும் ஒரு நாய் பூனை கிளினிக்கில் கூண்டு கழுவப் போனாள். அங்கிருந்து ஊசி பிடிக்கக் கற்று, மாலை வகுப்பில் ஒரு டிப்ளோமாவும் வாங்கி, கடைசியில் டெங்கில் பக்கம் காட்டு விலங்குகளை ஆராய்கிற ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "காட்டுல தெனுக் இருக்குல்ல, அது ஒழுங்கா சாப்பிடுதான்னு பாக்குறேன்" என்பாள். முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாக, பன்றிக்கும் யானைக்கும் நடுவே எதையோ படைக்கப் போய்ப் பாதியில் விட்டதுபோல இருக்குமே, அதுதான் தெனுக். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆனால் வேலை விளையாட்டு இல்லை. காட்டு விலங்கைத் தராசில் ஏற்ற முடியாது. ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் மயக்க ஊசி போட வேண்டும், அதிலேயே அது செத்துப்போகவும் கூடும். அதனால் மரத்தில் கேமராவைக் கட்டிவைத்து, முன்னால் எது போனாலும் தானாகப் படம் எடுக்கும்படி செய்வார்கள். வந்த படங்களைப் பார்த்து உடம்புக்கு மார்க் போட வேண்டும். எலும்பும் தோலுமாக இருந்தால் ஒன்று, அளவுக்கு மீறிக் கொழுத்திருந்தால் ஐந்து. மூன்று என்றால் கவலையில்லை. வயிற்றைப் பார்க்கவே கூடாது என்பது மலர்விழி புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். தண்ணீர் குடித்தால் உப்பும், சினை என்றால் உப்பும், பூச்சி இருந்தாலும் உப்பும். கழுத்து, தோள்பட்டை, முதுகெலும்பு, இடுப்பெலும்பு, இந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்வாள். தினமும் பார்க்கிற கண்ணை நம்பாதே. ஒருமுறை காது கிழிந்த தெனுக் ஒன்று செம்பனைத் தோட்டத்து ஓரம் செத்துக் கிடந்தது. அதைத் தினமும் பார்த்துவந்த காவல்காரர் தம்புசாமி, நல்லாத்தான் இருந்திச்சு என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தார். பழைய படங்களை எடுத்து வரிசையாக வைத்தால், மாதாமாதம் அது கரைந்துகொண்டே வந்தது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"தினம் பாத்தீங்களே அண்ணே, உங்களுக்கா தெரியலை?" என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள் மலர்விழி. பாவம், அவர் அன்று சாப்பிடவே இல்லை.

சரி, குகனுக்கு வருவோம். கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். பண்டமாரானில் வீடு. பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையையும் சேர்த்துத்தான் குமுதா பேசுவாள் என்றாலும், அதற்காக மலர்விழியிடம் ஒருநாளும் முகம் கோணாதவன் குகன். காட்டுக்குள் தனியாகப் போகக் கூடாது என்பது அமைப்பின் சட்டம். கூட வர ஆள் கிடைக்காத வாரங்களில் லீவு நாளைக் கெடுத்துக்கொண்டு அவனே வருவான். ஏணியைத் தூக்குவான், அட்டையைப் பிடுங்கிப் போடுவான்.

கேமராவைக் கட்டியதும் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க, யாராவது ஒருவர் அதன் முன்னால் விலங்கின் உயரத்துக்குக் குனிந்து போய்க்காட்ட வேண்டும். மற்றவர்கள் சும்மா குனிந்து நடப்பார்கள். குகனோ கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, அசல் தெனுக்காகவே ஊர்ந்து போவான். "இந்தத் தெனுக்குக்கு எத்தனை மார்க் டீச்சர்?" என்று கேட்பான். மலர்விழி அவனைப் பார்க்க மாட்டாள். கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு மின்னுகிறதா என்பதில்தான் அவள் கண் இருக்கும். விளக்கு மின்னினால், "சரி, எந்திரிங்க" என்பாள்.

சீனப் புத்தாண்டு லீவு முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை. இருவரும் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போய்விட்டுக் குமுதா கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கடையில் நல்ல கூட்டம். குமுதா கையில் சாம்பார் வாளியோடு வந்தாள். தம்பியின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

"என்னடா குகா, இப்படி இளைச்சுட்டே."

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் திரும்பி மலர்விழியைப் பார்த்தார். குகனை அல்ல, அவளைப் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. வழக்கமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். அன்றைக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்துவிட்டாள்.

"அண்ணி, யாரு இளைச்சிருக்கா, யாரு இல்லைன்னு பாக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க. உங்க தம்பிக்கு மூணு. நல்ல மூணு. தெனுக்கா இருந்தா போட்டோ புடிச்சு ஆபீஸ்ல மாட்டிருப்போம்."

கடையே சிரித்தது. சர்வர் சிரித்தான், பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எல்லாரையும்விட அதிகமாகக் குகன் சிரித்தான். "டீச்சரே சொல்லிட்டாங்க லா அக்கா. இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றான். குமுதா உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போனாள். மலர்விழிக்கு அன்று வீடு வந்து சேரும்வரை கால் தரையில் படவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக நாத்தனார் வாயை அடைத்துவிட்டாளே, லேசுப்பட்ட காரியமா? சாப்பிட்டு முடித்த குகன் கை கழுவப் போய் வெகுநேரம் திரும்பாதது அவள் மனதில் படவே இல்லை.

அதற்குப் பிறகு குமுதா அந்தச் சொல்லைச் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். சொன்னாலும் குகனே முந்திக்கொண்டு "மூணுக்கா, நல்ல மூணு" என்பான்.

ஜூன் மாதம், டெங்கில் அலுவலகம். மழை பிடித்துக்கொண்டதால் யாரும் காட்டுக்குப் போகவில்லை. மலர்விழியும் கால்நடை டாக்டர் ருமானாவும் மார்க் போட உட்கார்ந்தார்கள். ருமானா கிள்ளானில் ஜவுளிக்கடைக்காரர் மகள். வயதில் சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். எந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று தெரிந்தால் கை ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்பதால், தேதியை மறைத்து, படங்களைக் கலைத்துப் போட்டுத்தான் பார்ப்பார்கள். ஒருத்தி சொல்ல மற்றவள் எழுதிக்கொள்வாள்.

மத்தியானம் கண் சொக்கியது. ருமானா குறும்பாகச் சிரித்தாள்.

"அக்கா, புதுசா ஒரு தெனுக் வந்திருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

திரையில் குகன். நாலு காலில், மூக்கைச் சுளித்துக்கொண்டு. சோதனைப் படங்களை அழிக்காமல் சேர்த்துவைத்து, தெனுக் படங்களைப் போலவே கலைத்துப் போட்டிருந்தாள் அந்தப் பெண்.

மலர்விழி விழுந்து விழுந்து சிரித்தாள். "கழுத்து உருண்டையா இருக்கு. தோள்பட்டை தெரியலை. நாலு. எல்லாம் என் சமையல்" என்றாள்.

அடுத்த படம். "மூணு. நல்ல மூணு."

அடுத்த படம் வந்தது. பழக்கம் என்பது பொல்லாதது. கண் தானாகக் கழுத்திலிருந்து இறங்கியது. சட்டை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டை எலும்பு துணிக்கு மேல் முனையாக எழும்பி நின்றது. முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. இடுப்பெலும்புக்கு முன்னால் குழி. சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே வாய் சொல்லிவிட்டது.

"ரெண்டு. ரெண்டுக்கும் கீழ."

ருமானா எழுதப் போனவள் நிறுத்தினாள். மலர்விழிக்குத் தன் குரல்தான் அதைச் சொன்னது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"இது வேற யாரோ" என்றாள்.

வேறு யாருமில்லை. படத்தில் அவன் கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தான்.

"எப்ப எடுத்தது?"

"போன வாரம் அக்கா" என்றாள் ருமானா. அவள் குரலும் மாறிவிட்டிருந்தது. "நாலு போட்டீங்களே, அது தீபாவளி சமயம்."

ருமானா எல்லாப் படங்களையும் தேதி வரிசையில் அடுக்கினாள். ஏன்தான் அடுக்கினாளோ. தீபாவளி, பொங்கல், தைப்பூசத்துக்கு அப்புறம், நோன்புப் பெருநாள், போன வாரம். மலர்விழியின் புருஷன் ஒவ்வொரு படத்திலும் அதே மூக்கைச் சுளித்துக்கொண்டு, அதே இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தான். இவனோடுதான் ஒரே கட்டிலில் தூங்கினாள். இவனுக்குத்தான் காலையில் கோப்பி கலக்கிக் கொடுத்தாள். மலர்விழி பேயறைந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். ருமானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் தெரியவில்லை, குடித்ததும் தெரியவில்லை.

அன்று பண்டமாரான்வரை எப்படிக் கார் ஓட்டினாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

குகன் வேலை முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டபடி. லோரியில் ஏர்கான் ஒத்துக்கொள்ளவில்லை என்று கொஞ்ச நாளாகவே வீட்டிலும் அப்படித்தான் இருந்தான். அதையும் அவள் நம்பித்தான் இருந்தாள்.

"சட்டையைக் கழட்டுங்க."

"என்ன புள்ள, வந்ததும் வராததுமா" என்று கண்ணடித்தான்.

"கழட்டுங்க."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அடங்கியது. எழுந்து பொத்தான்களைக் கழற்றினான். உள்ளே தடித்த டீ சட்டை ஒன்று இருந்தது. அதைக் கழற்றினான். அதற்குள்ளே இன்னொரு டீ சட்டை. அதற்கும் உள்ளே பனியன். ஒவ்வொன்றாக நாற்காலியில் போட்டான். கடைசியில் அங்கே நின்றவனை மலர்விழிக்கு அடையாளம் தெரியவில்லை. நெஞ்சுக்கூடு தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு பெரிய மனிதன் சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் நின்றான்.

"காட்டு வெக்கையில மட்டும் ஒண்ணுதான் போடுவேன். இத்தனையும் போட்டா மூச்சு முட்டும்" என்றான், ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவன்போல.

"எத்தனை நாளா?"

"தீபாவளி கழிச்சு ஆரம்பிச்சிச்சு. சாப்பிட்டா நிக்க மாட்டேங்குது மலர். தொண்டைக்குக் கீழ எங்கேயோ மாட்டுது. வாந்தி வந்துருது. நீ கட்டிக் குடுக்குற சோத்தை துறைமுகத்துல நாய்க்குப் போட்டுருவேன்."

"ஏன் சொல்லலை?"

அவன் தரையைப் பார்த்தான். "அக்கா உன்னைத்தானே சொல்லும். அப்புறம், கடையில அத்தனை பேர் முன்னால நீ மூணுன்னு சொல்லிட்டே. எவ்ளோ சந்தோஷமா வந்தே அன்னைக்கு. அது பொய்யாப் போயிருமேன்னு இருந்திச்சு. உடம்பு தானா தேறிடும்னு நெனச்சேன் லா."

ஆத்திரம் தலைக்கேறியது மலர்விழிக்கு. அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். அடிக்க அவன் உடம்பில் ஒரு கை அகலச் சதை இல்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்று, பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மறுநாளே கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பரமேஸ்வரன் அமைதியான மனிதர். எடை எப்போது குறைய ஆரம்பித்தது என்று கேட்டார். குகனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மலர்விழி போனை எடுத்து நீட்டினாள். டாக்டர் முதல் படத்தைப் பார்த்துத் திகைத்து, "இது என்னம்மா?" என்றார். அவள் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தன் தொழிலில் இப்படி மாதவாரியாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றார்.

இரைப்பையின் வாயில் கட்டி. ஈரலுக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. சாப்பாடு இறங்க முதலில் உள்ளே ஒரு குழாய் வைப்போம், பிறகு மருந்து ஏற்றுவோம் என்றார். மருந்து எவ்வளவு காலம் தாங்கிப்பிடிக்கும் என்பதை ஏற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். மலர்விழி இரண்டாவது படத்தைக் காட்டினாள், தான் நல்ல மூணு என்று சொன்னதை.

"இந்தப் படம் எடுத்தப்பவே வந்திருந்தா டாக்டர்?"

"அதெல்லாம் இப்ப கேக்காதீங்கம்மா" என்று போனைக் கவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

குழாய் வைக்கிற அன்று காலை குமுதா வந்தாள். கடையைச் சாத்திவிட்டு, ரயிலேறி, கையில் ரசம் நிரப்பிய பிளாஸ்கோடு வந்திருந்தாள். குகனை அதற்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே பெஞ்சில் மலர்விழி மட்டும் இருந்தாள். குமுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், ராத்திரியெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்ததை மலர்விழி கொட்டிவிட்டாள்.

"அண்ணி, என்னை மன்னிச்சிருங்க. நீங்க பாத்துட்டுத்தான் சொன்னீங்க. அத்தனை தடவை சொன்னீங்க. குத்திக் காட்டுறீங்கன்னு நெனச்சுக்கிட்டு, நான்தான் காதுல வாங்கலை. உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே."

குமுதா பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடினாள்.

"இல்ல மலரு" என்றாள் குமுதா.

"என்ன அண்ணி?"

"எனக்கும் தெரியாது. அவன் நெஜமா இளைச்சான்னு எனக்கும் தெரியாது." மூடி கையிலிருந்து நழுவி எங்கோ உருண்டு போனது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. "உன்னைக் குத்தணும்னுதான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது உன் மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவனைப் பாக்கலை."

அப்படியானால் ஒருவருமே பார்க்கவில்லை. கதவு திறந்தது. "குகன் வாரிஸ்" என்று குகனின் சொந்தக்காரர்களை நர்ஸ் கூப்பிட்டாள். மலர்விழி எழுந்து, குமுதாவின் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.